அக்கரையில் நின்ற அண்ணன்

போருக்குத் தப்பி ஓடிவந்த இரவில், மீகாங் ஆற்றில் மூங்கில் தெப்பத்தின் மேல் ஜூவா அண்ணியையும் என்னையும் ஏற்றித் தள்ளிவிட்டு, அம்மாவைத் தூக்கிவரத் திரும்பிப் போனான் தோவா அண்ணன். பின்னால் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. நாங்கள் தாய்லாந்துக் கரையில் ஒதுங்கினோம். அவன் வரவில்லை.

பான் வினாய் அகதி முகாமில் மற்றப் பெண்களைப் போல அண்ணியும் கதைத்துணி தைத்தாள். நீலத் துணியில் எங்கள் மலை, சோளக்காடு, குண்டு போட்ட விமானங்கள், சத்தம் வராமல் பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு நடந்த தாய்மார். கடைசியில் ஆறு. இக்கரையில் நாங்கள் இருவர். அக்கரையில் அம்மாவை முதுகில் சுமந்தபடி அண்ணன். சின்ன வயதில் சேவல் கொத்தி அவனுக்கு இடது காது பிளந்திருந்தது. அதையும் சிவப்பு நூலில் காட்டியிருந்தாள்.

துணிகளை வாங்கி வெளியே விற்கும் பாஹூ அக்கா உதட்டைப் பிதுக்கினாள். "ஏன்டி, குடும்பம் பிரிஞ்சு நிக்குறத எவன் வாங்குவான்? அவனையும் இந்தப் பக்கம் தச்சு விடு. நாலு தையல்தானே?"

"அவரே இன்னும் வரலையே அக்கா. நான் எப்படிக் கொண்டுவந்து நிறுத்துறது?"

"அப்ப தண்ணிக்குள்ளயாவது போட்டு முடி!"

அண்ணி துணியைச் சுருட்டிக்கொண்டு வந்து எங்கள் அறை வாசலில் தொங்கவிட்டாள்.

எனக்கு முகாமிலேயே கல்யாணமானது. புருஷன் வீட்டாரோடு அமெரிக்கா போக அனுமதி வந்தபோது அண்ணிக்கும் சேர்த்தே வந்தது. மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். புதிதாக ஆறு கடந்து வந்தவள் ஒருத்தி, தண்ணீர்க் குடத்தோடு போனவள், துணியைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இந்தப் பிஞ்ச காதுக்காரன் உங்களுக்கு என்ன வேணும்?"

அண்ணி கையிலிருந்த கயிறு நழுவியது. "பாத்தியா? எங்க?"

"எங்க மலையிலதான் ஒளிஞ்சிருந்தான். ஆத்தங்கரையில அம்மாவப் புதைச்சிட்டு வந்ததாச் சொன்னான். பொண்டாட்டி பிழைச்சாளா இல்லையான்னு வர்றவன் போறவனையெல்லாம் கேப்பான்."

அன்று முழுக்க அண்ணி சிரித்தாள், அழுதாள். சாயங்காலம் தன் மூட்டையை அவிழ்த்தாள்.

"அவ பாத்தது போன மழைக்கு முன்னாடி அண்ணி," என்றேன். "இப்ப இருக்கானோ என்னவோ. என்கூட வந்துடுங்க."

"நீ போ, இயா. அந்த மனுசன் வந்து தேடுறப்ப இங்க யாராவது இருக்கணும்ல?"

பேருந்து கிளம்பும்போது அவள் கை ஜன்னல் கம்பியை விடவே இல்லை, யாரோ பிரித்துவிட்டார்கள்.

மினசோட்டாவில் இரண்டாவது பனிக்காலத்தில், முகாமிலிருந்து வந்த ஒருவர் ஒரு ஒலிநாடாவைக் கொண்டுவந்து கொடுத்தார். அடுப்பங்கரையில் தனியாக உட்கார்ந்து ஓடவிட்டேன். அண்ணி பேசினாள். பிறகு ஒரு இருமல். ஒலிப்பெட்டியின் சத்தத்தைக் கூட்டினேன்.

"இதுல பேசினா அவளுக்குக் கேக்குமா?" அண்ணன்தான்.

"இப்ப கேக்காது. போய்ச் சேர்ந்ததும் கேக்கும். பேசுங்க."

நெடுநேரம் அவன் பேசவில்லை. பெட்டியை இன்னும் நெருக்கமாகக் காதில் வைத்துக்கொண்டேன்.