ராஜமணியின் தோளில் வந்த தண்ணீர்

2012ஆம் வருடத்துக் கும்பப்பூ நெல் போகத்தில், மடைச் சண்டையில் மண்வெட்டியால் வெட்டுப்பட்ட ராஜமணியின் தோளிலிருந்து ரத்தம் வரவில்லை, தண்ணீர் வந்தது. தெளிந்த, குளிர்ந்த தண்ணீர். அந்த வருடம் ஆனிச் சாரலும் சரியில்லை, ஐப்பசி மழையும் பெய்யவில்லை. அணைத் தண்ணீரை முறை வைத்துத் திறந்துவிட்டார்கள். அந்த முறையும் தக்கலைக்குத் தெற்கே கடைமடைக்கு வந்து சேராதபடி மேல்மடைக்காரன் குமாரதாஸ் சானல் வாய்க்காலில் மண்மூட்டை அடுக்கியிருந்தான். மாசியில் அறுக்க வேண்டிய நெல், கதிர் வெளிவராமல் பொதிகட்டி நின்ற நேரம். ராஜமணி மூட்டையைப் பிடுங்கினான், குமாரதாஸ் வெட்டினான். வரப்பில் விழுந்தவனின் தோளிலிருந்து இறங்கிய தண்ணீர், பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த வயல்களைச் சாயங்காலத்துக்குள் நனைத்துவிட்டது.

அவன் மனைவி லீமா அவனை ஆட்டோவில் ஏற்றித் தக்கலைக்குக் கொண்டுபோனாள். டாக்டர் போட்ட தையல் ஈரத்தில் வழுக்கி அவிழ்ந்தது. ஊசி மட்டும் போட்டு அனுப்பினார். சீட் நனைந்ததற்கு ஆட்டோக்காரன் தனியாகத் திட்டினான். போலீசில், ரத்தமில்லாமல் வெட்டுக்காயம் என்று எப்படி எழுதுவது என்று கேட்டார்கள். திரும்பி வந்தபோது கடைமடைக்காரர்கள் வாசலில் காத்து நின்றார்கள். அவர்களில் மூத்தவரான சுந்தர்சிங் லீமாவுக்குச் சித்தப்பா முறை.

"மக்கா, கதிரு வெளிய வாறது வரைக்கும் அவன் வரப்புல கெடக்கட்டு. பெறவு தைக்கலாம்" என்றார்.

லீமா கணவனைப் பார்த்தாள். "கெடக்கியேன் லீமா. நம்ம வயலும் அங்கதானே இருக்கு" என்றான் அவன்.

வரப்பில் கட்டில் போட்டு, மேலே ஓலை வேய்ந்தார்கள். லீமா ஊட்டிய கஞ்சியைவிட அதிகத் தண்ணீர் வயலுக்குப் போனது. நெல் பச்சை கட்டக் கட்ட ராஜமணியின் கன்னம் ஒட்டியது, கல்யாண மோதிரம் விரலைவிட்டுக் கழன்று விழுந்தது. கதிர் தலைகாட்டியதும் லீமா தைக்கச் சொன்னாள். பால் பிடிக்கட்டும் என்றார் சுந்தர்சிங்.

அதற்குள் குமாரதாஸ் ஆட்களோடு இறங்கினான். "வெட்டினது நானாக்கும். அந்தத் தண்ணீல எனக்கும் பங்கு உண்டு" என்று கட்டிலின் காலைப் பிடித்து இழுத்தான். கடைமடைக்காரர்கள் தலைமாட்டைப் பிடித்தார்கள். மண்வெட்டிக் கைப்பிடிகள் முறிந்தன. ஒருவனுக்குக் காது போயிற்று, ஒருவன் பல்லோடு சேற்றைத் துப்பினான். இழுத்த இழுப்பில் ராஜமணியின் காயம் நெஞ்சுவரை கிழிந்து, தண்ணீர் இரண்டு பக்கமும் பாய்ந்தது. உடனே எல்லோரும் கட்டிலை விட்டுவிட்டு அவரவர் வயலுக்கு வாய்க்கால் வெட்ட ஓடினார்கள். அவன் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

லீமா அவனைத் தோளில் தூக்கினாள். வைக்கோல் கட்டின் கனம்கூட இல்லை.

"விடு லீமா, நெல்லு பால் பிடிக்குத நேரம்" என்று அவன் முனகினான்.

"பயிரு போனா அடுத்த பூவுல வெதைக்கலாம். ஒங்கள எந்தப் பூவுல வெதைக்க?" என்றாள்.

வீட்டுக்குள் கிடத்திக் கதவைத் தாழிட்டு, குளத்து உடைப்பை எப்படி அடைப்பார்களோ அப்படியே அடைத்தாள். முதலில் தேங்காய்க் கதம்பையைத் திணித்தாள், அதன்மேல் களிமண்ணைக் குழைத்து அப்பி, கைமுட்டியால் இடித்து இறுக்கினாள். அவன் அலறினான். அவள் நிறுத்தவில்லை. வெளியே இரண்டு மடைக்காரர்களும் ஒன்றாகச் சேர்ந்து ஓட்டின்மேல் கல்லெறிந்தார்கள். ஜன்னல் பலகையைப் பெயர்த்து உள்ளே நீண்ட கையை லீமா அரிவாளால் வெட்டினாள். சுந்தர்சிங்கின் இரண்டு விரல்கள் தரையில் விழுந்தன. அவற்றிலிருந்து ரத்தம்தான் வந்தது.

அந்த மாதம் சானல்கரையில் பலர் வெட்டுப்பட்டார்கள். தன் மண்வெட்டியின் ராசி என்று நம்பிய குமாரதாஸ் சொந்தத் தம்பியையே வெட்டிப் பார்த்தான். யாரிடமிருந்தும் தண்ணீர் வரவில்லை. தம்பியைப் புதைத்துவிட்டு குமாரதாஸ் ஜெயிலுக்குப் போனான். கதிரெல்லாம் பதராகி, வயல்களில் மாடு மேய்ந்தது.

மறுவருடம் மலையில் மழை பெய்தது, சானலில் தண்ணீர் வந்தது. விரல் இல்லாத கையோடு சுந்தர்சிங் விதைத்தார். ராஜமணியும் விதைத்தான். லீமா அவரோடு பேசுவதில்லை, அவரும் அந்த வீட்டுப் பக்கம் வருவதில்லை. ராஜமணிக்குத் தோள் வலியில்லை, மண் இறுகிவிட்டது. ஐப்பசி பிறந்தால் மட்டும் அதில் நாற்று முளைக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் புறப்படுமுன் லீமா அவனை வாசலில் உட்காரவைத்து, ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சட்டையை மாட்டிவிடுவாள்.