ரா ஃபைலுக்குப் பேர் மாற்றியவர்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அழிந்துபோன என் நாவல் அத்தியாயம் ஒன்றை மீட்க முடியுமா என்று கேட்க, கணினி பழுதுபார்க்கும் கடைக்குப் போன இடத்தில் ஓசியில் கிடைத்தது. (அத்தியாயம் மீளவில்லை. நல்லதுதான், படு மோசமான அத்தியாயம்.) எனக்கு முன்னால் நின்ற லிஃப்ட் மெக்கானிக் கிட்டத்தட்ட அழுதார்: "படமெல்லாம் இருக்கு சார். ஒண்ணுகூடத் திறக்க மாட்டேங்குது."

"எடுத்தவங்களையே கேளுங்க" என்றார் கடைக்காரர். மனிதர் போய்விட்டார். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

வானம் கருத்துக்கொண்டு—

வேண்டாம். மழைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

வீட்டில் அந்த மெக்கானிக்குக்கு அவசரம் என்று பட்டப்பேர். லிஃப்ட் பாதியில் நின்றால் நிதானமாகச் சரிசெய்கிறவர், வீட்டுக்குள் மட்டும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்போல் நிற்பார். கழுத்தில் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து அவர் மனைவி, கேமராவைக் கண்டாலே எழுந்து போய்விடுவாள். புகைப்படக்காரியான அவள் தங்கை கெஞ்சிக் கூத்தாடி, போன வாரம்தான் அக்காவை ஜன்னலோரம் உட்காரவைத்தாள். "இந்த ஒரு தடவைதான். இனிமே கேக்காதே" என்று சொல்லிவிட்டுத்தான் அக்கா உட்கார்ந்தாள்.

படங்களைத் தன் லேப்டாப்பில் ஏற்றிய அவசரம், படத்துக்குச் சட்டம் போடும் கடைக்கு அனுப்பினார். இது ரா ஃபைல், எங்களுக்கு ஜேபிஜி வேண்டும் என்று பதில் வந்தது. இவ்வளவுதானே என்று ஒவ்வொரு ஃபைலின் பேரிலும் கடைசி மூன்றெழுத்தை அழித்து ஜேபிஜி என்று போட்டார். கையோடு கேமரா கார்டையும் துடைத்துக் காலியாக்கிக் கொழுந்தியாளிடம் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம்தான் படங்களைத் திறந்து பார்க்கத் தோன்றியது. திறக்கவில்லை. மனைவியை இன்னொரு முறை உட்காரச் சொல்லும் தைரியம் அவருக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

3

கொழுந்தியாளை முதல் பிரதியில் கத்தவிட்டிருந்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. இவள் சிரிக்கிற ஜாதி.

"பேரை மட்டும்தானே மாத்தினீங்க மாமா? வேற எதையும் நோண்டலையே?"

"சத்தியமா இல்லம்மா."

"அரிசி டப்பாவுல சோறுன்னு எழுதி ஒட்டினா வெந்துடுமா? உள்ள அரிசி அரிசியாத்தான் இருக்கும். நகருங்க."

(அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது: கேமராவுக்குள் விழுந்த வெளிச்சத்தின் சமைக்காத கணக்குதான் ரா ஃபைல். மென்பொருளில் திறந்து, வெளிச்சம் இவ்வளவு, நிறம் இவ்வளவு என்று முடிவுசெய்துதான் அதைப் படமாக மாற்ற வேண்டும். எத்தனை விதமாக மாற்றினாலும் மூலம் அப்படியே இருக்கும். எழுதுகிறவர்களுக்கு இந்த வசதி இல்லை. வயிற்றெரிச்சலாக இருக்கிறது.)

பழைய பேரைத் திருப்பிப் போட்டுத் திறந்தாள். ஜன்னல் வந்தது, நாற்காலி வந்தது, அக்கா வந்தாள். அவசரத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. (தேய்ந்த சொல்தான். இருக்கட்டும், அவருக்கு அப்படித்தான் இருந்தது.) அப்படியே தரையில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். சத்தம் கேட்டு மனைவி அறைக்குள் வந்தாள்.

4

திரையில் இருந்த படம் சோகையாக இருந்தது; மாற்றாத படம் அப்படித்தான் இருக்கும். கழுத்துத் தழும்பு மட்டும் நன்றாகத் தெரிந்தது. அக்கா கிட்டே வந்து வெகுநேரம் பார்த்தாள்.

"மறைச்சிடலாமாக்கா?"

முடிவு அ: "மறைச்சிடு" என்கிறாள்.

முடிவு ஆ: "இருக்கட்டும்" என்கிறாள், நிமிர்ந்த—

அடித்துவிட்டேன். ஒன்றில் அவளைப் பயந்தாங்கொள்ளி ஆக்கினேன், இன்னொன்றில் மேடையேற்றி மாலை போட்டேன். இரண்டுமே என் இஷ்டம். அவளை யார் கேட்டார்கள்?

இதற்குள் அவசரம் எழுந்து, "கொஞ்சம் பளிச்சுனு..." என்று மவுஸுக்குக் கையை நீட்டினார். அவள் முந்திக்கொண்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மவுஸைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"என் மூஞ்சி. நான் பாத்துக்கறேன். நீங்க எதையும் தொடாதீங்க."

அவருக்குச் சொன்னதுதான். நானும் கையை எடுத்துவிட்டேன்.