நாலாவது பாட்டின் முதல் அரை நிமிடம்

மூன்றாவது பாட்டைப் பற்றிச் சொல்லி முடித்தபோது அவனுக்குத் தன்மேலேயே கொஞ்சம் பிரியம் வந்திருந்தது. வானொலி நிலையத்தின் அந்தச் சின்ன அறையில் சுவர் முழுக்கப் பஞ்சு வைத்துத் தைத்திருந்தார்கள். மேசைமேல் இரண்டு மைக், இரண்டு தண்ணீர் பாட்டில், எதிரே தொகுப்பாளினி. நல்ல பெண். ஆல்பத்தையே கேட்காமல் வந்து உட்கார்ந்து 'உங்க பயணத்தைப் பத்திச் சொல்லுங்க' என்கிற ரகம் இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் பின்னால் என்ன யோசனை இருந்தது என்று செய்தவனையே சொல்லவைப்பதுதான் நிகழ்ச்சி. அவனும் சளைக்காமல் சொன்னான். முதல் பாட்டு அவர்கள் குடியிருப்பின் லிஃப்ட். கதவு மூடப்போகும்போது யாரோ கையை நீட்ட, அது தயங்கித் தயங்கித் திறந்துகொள்கிற சத்தத்தைத் தாளமாக்கியிருந்தான். இரண்டாவது, வங்கியில் டோக்கன் எண்ணை அழைக்கும் இயந்திரக் குரல். எண்களையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, எண்ணுக்கு முன்னால் அந்தக் குரல் மூச்சு இழுப்பதுபோல் வரும் இடத்தை மட்டும் வைத்துக்கொண்டது. மூன்றாவது, அக்கா வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்க்கும் சத்தம். பல மடங்கு மெதுவாக்கினால் யாரோ தூக்கத்தில் முனகுவதுபோல் வரும். "எந்தச் சத்தத்துக்கும் ஒரு வயசு இருக்குங்க, மெதுவாக்கினா அது தெரியும்" என்றான். சொன்ன பிறகுதான் அதற்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா என்று யோசித்தான். தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒலிப்பதிவாளருக்குப் பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்கா, உள்ளங்கையால் கொட்டாவியை மறைத்தாள்.

சின்ன வயதிலிருந்தே அவனுக்குப் பாம்புக் காது. மூன்றாம் வீட்டில் ஊசி விழுந்தால் எந்த அறையில் விழுந்தது என்று சொல்லிவிடுவான் என்பார்கள். 'பாம்பு' என்று பட்டப்பெயர் வைத்தது அப்பா. அதுவே பின்னால் ஆல்பம் அட்டையில் ஏறி, பாம்பின் இசைக்கு அங்கங்கே ரசிகர்கள் கிடைத்து, விளம்பரப் படக்காரர்கள் தேடி வருகிற அளவுக்கு வளர்ந்தது. அப்படிப்பட்ட காதைத்தான் இரண்டு வருஷமாகக் கறையான் அரித்துக்கொண்டிருந்தது. கீச்சென்று உச்ச ஸ்தாயியில் இருக்கிற சத்தங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டன. முதலில் சாவிக்கொத்தின் கிணுகிணுப்பு. பிறகு காலையில் ஜன்னல் பக்கம் கத்துகிற குருவி. செத்துத் தொலைந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டிருந்தான். ஒருநாள் திரைச்சீலையை விலக்கினால் அது கம்பியில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. மருத்துவர், போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றப் பாருங்கள், காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளலாம் என்றார். அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை. கை நடுங்குகிறவனிடம் யார் போய்ச் சவரம் செய்துகொள்வார்கள்? விஷயம் வெளியே தெரிந்த அன்றைக்கே தன் கதை முடிந்தது என்று அவனுக்குத் தெரியும். வேலை போவதுகூட இல்லை, அதற்கும் அடியில் ஒரு பயம் இருந்தது. இந்த ஒன்றைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் தெரியாது. சத்தம் போய்விட்டால் அந்த வீட்டில், கீபோர்டுக்கு முன்னால் இருக்கிற அந்த நாற்காலியில், காலை எழுந்ததும் யார் வந்து உட்காருவது?

"நாலாவது பாட்டுக்கு வருவோம்" என்றாள் தொகுப்பாளினி. "'காலி வீடு.' இதைப் பத்தி நானே நிறையக் கேக்கணும்னு இருந்தேன்."

இதற்குத்தான் அவனும் காத்திருந்தான். ஆல்பத்திலேயே துணிச்சலான யோசனை அது. முதல் அரை நிமிடம் ஒன்றுமே கிடையாது, சுத்த நிசப்தம். சாமான்களை ஏற்றி அனுப்பிவிட்டுக் கடைசியாக ஒருமுறை வீட்டுக்குள் போய் நிற்கிறோமே, அந்த நிசப்தம். அதற்குப் பிறகுதான் கீழே எங்கோ டிரம் ஆரம்பிக்கும். "இதுல பாருங்க, ஆரம்பத்துல ஒண்ணுமே—" என்று தொடங்கியவனை அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "சொல்லிடாதீங்க. மொதல்ல கேட்டுடுவோம். நேயர்களும் கேக்கட்டும்."

ஹெட்போனில் ஒன்றும் வரவில்லை. அவனுக்குத் தெரிந்த நிசப்தம்தான். தன் ரத்தம் ஓடுவது மட்டும் இரைந்தது. எதிரே அவள் கண்களை மூடிக்கொண்டாள். மூடிய இமைகள் மெல்ல இறுகின, ஏதோ பல்லில் பட்டதுபோல. தடுப்புக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் அவசரமாக ஒரு குமிழைப் பிடித்துக் கொஞ்சம் குறைத்தார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டு அறைகளிலும் இருக்கிற அத்தனை பேருக்கும் என்னவோ கேட்கிறது, தனக்கு மட்டும் கேட்கவில்லை என்பது அவனுக்குப் புரிந்தது. டிரம் தொடங்கியதும் பாட்டை நிறுத்தினார்கள்.

"அந்த மெல்லிசான சத்தம்" என்றாள் தொகுப்பாளினி கண்ணைத் திறந்து. "ஊசி மாதிரி. வேற எதுவுமே இல்லாம அது மட்டும் தனியா வருது. மொதல் தடவை கேட்டப்போ எரிச்சலா இருந்துச்சு, உண்மையச் சொல்றேன். அப்புறம் டிரம் வந்து அது நின்னதும், அய்யோ நின்னுடுச்சேன்னு அழுதுட்டேன். அது என்ன சார்? எப்படி உங்களுக்குத் தோணுச்சு?"

பேட்டிகளில் எத்தனையோ தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறான்: திரையில் ஓடுகிற கோடுகளைப் பார்த்து இசை செய்கிறவன் ஏமாற்றுக்காரன், நான் காதை மட்டும்தான் நம்புவேன். அந்த வீறாப்பில் இந்தப் பாட்டின் கோடுகளையும் அவன் திறந்து பார்க்கவில்லை. எல்லா ஆல்பத்தையும் கடைசியில் இன்னொரு ஆளிடம் கொடுத்துக் கேட்டுத் திருத்தச் சொல்வான். இந்தத் தடவை பயத்தில் அதையும் செய்யவில்லை. உச்சிச் சத்தங்கள் தன் காதுக்கு எட்டவில்லையே என்று எல்லாவற்றையும் மேலே மேலே ஏற்றியிருந்தான். ஏற்றியதோடு எது சேர்ந்து ஏறிவந்ததோ தெரியவில்லை. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பதிவு செய்கிற விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"அது எங்க அப்பா" என்றான்.

வாயிலிருந்து வந்துவிட்டது. பிறகு அது தானாக நடந்தது. கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டில் பக்கத்தில் ஒரு மெஷின் இருந்தது, அதன் சத்தம் ராத்திரி பகலாகக் காதிலேயே இருந்தது, அது நின்றபோதுதான் வீடு காலியானது என்று தெரிந்தது. இப்படிக் கோத்துக்கொண்டே போனான். நடுவில் குரல்கூடக் கம்மியது. அது மட்டும் பொய்யில்லை, பயத்தில் கம்மியது. தொகுப்பாளினி மூக்கை உறிஞ்சினாள். தடுப்புப் பக்கம் அவன் பார்க்கவேயில்லை.

அக்கா கார் ஓட்டும்போது பேசமாட்டாள். அன்றைக்கு ஓட்டவே இல்லை. வண்டி நிறுத்துமிடத்தில் சாவியைத் திருகாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அந்த மெஷின் 'கீ'ன்னு இழுக்குமா, இல்ல விட்டு விட்டு அடிக்குமா?"

அவன் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினான்.

"தெரியாதுல்ல? நீ வரவே இல்லையேடா. கச்சேரி, கச்சேரின்னு எங்கயோ இருந்த. நாந்தான் அந்த ஸ்டூல்ல உக்காந்திருந்தேன். என்னோடத எடுத்து உன்னோடதுன்னு சொல்லிட்டு வர்ற, அதுவும் என் கண்ணு முன்னாடியே."

"அக்கா, எனக்கு அந்தச் சத்தமே கேக்கல."

"அதான் சொல்றேன், நீ வரல."

"ஆஸ்பத்திரி சத்தம் இல்லக்கா. பாட்டுல இருக்குதே, அது. எனக்கு அது கேக்கவே இல்ல. இப்பவும் கேக்கல. இருக்குன்னு அவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். இரண்டு வருஷத்துக் கதையை அவன் சொல்லி முடித்தான். "அப்ப நான் இத்தனை நாளா உனக்குக் கத்தினதெல்லாம் செவிடன் காதுல—" என்று வழக்கமான கேலியில் இறங்கியவள் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பழமொழியை வீட்டில் நூறு தடவை அவனைப் பார்த்துச் சொல்லியிருப்பாள். இனி சொல்ல முடியாது என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

"கண்ணு மங்கிப் போச்சுன்னு தினம் கடைக்கு எத்தனை பேர் வர்றாங்க. ஜம்முனு ஒரு ஃப்ரேமை மாட்டிக்கிட்டுப் போறாங்க. காதுக்கு மட்டும் என்னடா மானம்?"

"கண்ணாடி போட்டவன் படம் வரையலாம்க்கா. காதுல மெஷினோட நான் போய் நின்னா எவன் நம்பி வேலை குடுப்பான்?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். நான் கேட்டேனே அந்தச் சத்தத்தை. நீ வேணும்னு வெச்சதுன்னு நெனச்சேன். உன் பாட்டுல எது தப்பு, எது சரின்னு எனக்கு என்னைக்குத் தெரிஞ்சிருக்கு?" சாவியைத் திருகினாள். "நீ அதை வீட்டுல மொத தடவை போட்டப்ப நான் எழுந்து பால்கனிக்குப் போயிட்டேன். ஞாபகம் இருக்கா?"

"பிடிக்கலன்னு நெனச்சேன்."

அவள் வண்டியைக் கிளப்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, வாழ்நாளெல்லாம் இளப்பமாகப் பேசிய அந்தத் திரைக்கோடுகளைத் திறந்து பார்த்தான். பாட்டின் நிசப்தத்துக்குள், மேலே, கொடிக்கம்பி கட்டினாற்போல் ஒரு நேர்கோடு ஓடியது. அந்தப் பாட்டைப் பதிவுசெய்த பழைய கீபோர்டை மாட்டி, கம்ப்யூட்டர் சார்ஜரைச் செருகினால் கோடு வந்தது, பிடுங்கினால் போனது. எதனுடனோ ஓசியில் வந்த சார்ஜர். தொகுப்பாளினியை அழவைத்த கலைப்படைப்பைச் செய்தது அது. செருகியும் பிடுங்கியும் பார்த்துக்கொண்டே இருந்தான். சிரிப்பு வந்தது, அது பாதியில் வேறாக மாறிவிட்டது. முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டான். அழுகையும் உச்சியில் எங்கோதான் இருக்கிறது போலும், தன் விசும்பலே தனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

பேட்டி வெளியான மறுநாளிலிருந்து ஜனங்கள் எழுதித் தள்ளினார்கள். எல்லாரும் அவரவர் அப்பாவைப் பற்றி, அம்மாவைப் பற்றி, காலியான கட்டிலைப் பற்றி எழுதினார்கள். வானொலிக்காரர்கள் அடுத்த சனிக்கிழமை நடத்தும் மேடை நிகழ்ச்சியை அவன்தான் தொடங்க வேண்டும் என்று தொகுப்பாளினி போன் செய்தாள். "வேற எதுவும் வேணாம் சார். விளக்கெல்லாம் அணைச்சிட்டு அந்தச் சத்தத்தோட ஆரம்பிங்க. நீங்களே மேடையில கூட்டிக் குறைச்சு, எவ்ளோ நேரம் நிக்குதோ அவ்ளோ நேரம்." முடியாது என்பதற்கு அவனிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அதைச் சொல்ல முடியாததால் சரி என்றான்.

"கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு" என்றாள் அக்கா. பொய் சொன்ன நாளிலிருந்து எண்ணினால் சனிக்கிழமை எட்டாம் நாள்தான். அவன் அவள் காலில் விழாத குறை. சத்தத்தின் அளவைக் காட்டும் மீட்டரில் முள் ஆடினால் ஏதோ சத்தம் வெளியே போகிறது என்றுதான் தெரியும். அது அரங்கத்தில் எப்படிக் குத்துகிறது, யாருக்கு வலிக்கிறது என்று காதுதான் சொல்ல வேண்டும். அந்தச் சத்தத்தைக் கூட்டத்தின் நடுவே கண்மூடித்தனமாக ஏற்றிவிட்டால் ஜனங்கள் காதைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓடுவார்கள். தயங்கிக் குறைத்தால் வெறும் ஆளாக மேடையில் நிற்பான். இரண்டில் எது நடந்தாலும் குட்டு உடைந்துவிடும். "நீ முன்வரிசையில உக்காரு. சத்தம் வந்ததும் கையைத் தூக்கு. ஜாஸ்தியானா இறக்கிடு. அது போதும்க்கா. இந்த ஒரு தடவை." அவள் கடைக்குக் கிளம்பப் புடவை மடிப்பைச் சரிசெய்தபடியே நின்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு, "வர்றேன். ஆனா அப்பா பேரை அங்க எடுக்காதே" என்றாள்.

எடுக்கவில்லை. தொகுப்பாளினி எடுத்தாள். மேடையில் அவனை அறிமுகப்படுத்தும்போது ஆஸ்பத்திரி, கட்டில், மெஷின் எல்லாவற்றையும் அவன் சொன்னதைவிட நன்றாகச் சொன்னாள். அரங்கம் அமைதியாகிவிட்டது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அவனுடைய மேசைமேல் ஒரு சின்ன விளக்கு மட்டும் எரிந்தது. அதன் வெளிச்சம் முன்வரிசைவரை எட்டியது. அக்கா உட்கார்ந்திருந்தாள். கைப்பை மடியில் இருந்தது, அதன்மேல் இரண்டு கைகளும் இருந்தன.

சத்தத்தைக் கூட்டும் குமிழில் விரலை வைத்து மெல்ல மேலே தள்ளினான். முள் ஆடத் தொடங்கியது. ஒன்றும் கேட்கவில்லை. அக்காவின் கைகளையே பார்த்தான். அவை அசையவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினான். ஒருவேளை ஒலிபெருக்கிக்கே போகவில்லையோ, இருட்டில் இத்தனை பேரும் ஒன்றுமில்லாததைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ என்று நினைத்தபோது சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. தூக்குக்கா, என்று மனசுக்குள் கெஞ்சினான். தயவுசெய்து தூக்கு. முள் பாதியைத் தாண்டியது.

அக்காவின் மடியிலிருந்த கைப்பை நழுவிக் கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை. கைகள் மெல்ல எழுந்தன, ஒன்றல்ல, இரண்டும். தோளுயரத்தைத் தாண்டி, இரண்டு காதுகளையும் இறுகப் பொத்திக்கொண்டன. கண்களை மூடி, உடம்பைக் குறுக்கி, ஆஸ்பத்திரி ஸ்டூலில் உட்கார்ந்தவள்போல் நாற்காலி நுனிக்கு வந்திருந்தாள். கூட்டவா, குறைக்கவா, நிறுத்திவிடவா? எதுவுமே கேட்காத அந்த அமைதியில், குமிழின்மேல் விரலை வைத்தபடி, அவள் கண்ணைத் திறக்கமாட்டாளா என்று அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.