மூன்றாம் நாள் அடக்கம்

சாவு யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஆனால் மாலக்கி டெவனி பெற்ற தாயின் சாவுக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு அரசாங்கத்தைக் கேட்க வேண்டும். அவன் அடைபட்டிருந்த சிறையின் சோறு, கம்பளி, காவல் எல்லாம் வட அயர்லாந்தை ஆளும் பெல்ஃபாஸ்டின் பொறுப்பு. அவனை உள்ளே வைத்த கையெழுத்து மட்டும் லண்டனுடையது. பழைய வழக்கில் பதினோரு வருடம் இருந்துவிட்டு, நிபந்தனைக்குக் கட்டுப்பட்டு வெளியே வந்தவன் அவன். மறுபடி தன் பழைய ஆயுதக் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டான் என்று உளவுக்காரர்கள் சொல்ல, லண்டன் மந்திரி இரண்டு வருடத்துக்கு முன்னால் அவனைத் திரும்ப உள்ளே போட்டார். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை அவனுக்கும் காட்டவில்லை, அவன் வக்கீலுக்கும் காட்டவில்லை, பெல்ஃபாஸ்டுக்கும் காட்டவில்லை. பூட்டு பெல்ஃபாஸ்டில், சாவி லண்டனில்.

இந்தப் பூட்டுக்கும் சாவிக்கும் நடுவே கடிதம் அனுப்பிக்கொண்டிருப்பதுதான் ஹேசல் மவினியின் உத்தியோகம். நீதித் துறை லண்டனிடமிருந்து பெல்ஃபாஸ்டின் கைக்கு வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. சாதாரணக் கைதி சாவுக்குப் போக வேண்டுமென்றால் ஹேசலின் மேலதிகாரி ட்ரெவர் கையெழுத்துப் போட்டால் போதும். மாலக்கி மாதிரி ஆட்களுக்கு லண்டன் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதித் தர வேண்டும்.

அந்தத் திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குத் தொலைபேசி அடித்தது.

"கைதிங்களுக்கு லீவு பாக்குற அம்மாவா? நான் டிம்ப்னா. மாலக்கி டெவனியோட அக்கா. எங்கம்மா விடியக்காலைல போயிட்டாங்க."

"அடடா. ரொம்ப வருத்தமா இருக்குங்க. கஷ்டப்படாம போனாங்களா?"

"தூக்கத்துலயேதான். கண்ணாடியக்கூடக் கழட்டல." டிம்ப்னா மூக்கை உறிஞ்சினாள். "அவன ஒரு மணி நேரம் விட்டாப் போதும்மா. கைல விலங்கு போட்டே கூட்டியாங்க. பெட்டிய மூடறதுக்குள்ள அவன் ஒரு தடவ பாத்துரணும். ஒரே பையன். தூக்குறதுக்கும் அவன் வேணும்."

"நான் பாத்துக்கறேன். கவலைப்படாதீங்க."

"ஒங்க பேரு?"

"ஹேசல் மவினி."

அந்த ஊரில் பேரைச் சொன்னால் போதும். கத்தோலிக்கக் கோயிலா புராட்டஸ்டன்ட் கோயிலா, எந்தப் பள்ளிக்கூடம், யார் யாரைச் சுட்டபோது யார் கைதட்டினார்கள் என்பதெல்லாம் கூடவே வந்துவிடும்.

"மவினியா," என்றாள் டிம்ப்னா. "சரி, போவுது. சாவுன்னு வந்தா எல்லாரும் ஒரே பக்கந்தான்."

மாலக்கியின் பழைய கூட்டம் வைத்த குண்டில்தான் ஹேசலின் சித்தப்பாவுக்கு ஒரு கால் போனது. அதையெல்லாம் அவள் அலுவலகத்துக்குள் கொண்டுவருவதில்லை. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டும்போதே அதையும் மாட்டிவிடுவாள். டீயைக்கூடக் குடிக்காமல் படிவத்தை எடுத்து நிரப்ப உட்கார்ந்தாள். பத்தொன்பது கட்டங்கள். இறந்தவர் பெயர், உறவு, வீட்டுக்குப் போகும் வழி, கூட வரும் காவலர் எத்தனை பேர். பன்னிரண்டாவது கட்டத்தில் 'அடக்கம் நடக்கும் நாள்' என்று இருந்தது. அதில் 'வழக்கப்படி' என்று எழுதினாள். பத்தரைக்கெல்லாம் படிவம் லண்டனுக்குப் போய்விட்டது.

அவளைக் குற்றம் சொல்லி என்ன பண்ண? அந்த மண்ணில் யாரும் அந்த நாளைக் கேட்பதில்லை, சொல்வதுமில்லை. திங்கட்கிழமை செத்தால் புதன்கிழமை அடக்கம். இடையில் இரண்டு நாள் பெட்டியைத் திறந்து நடுவீட்டில் வைத்திருப்பார்கள். ஊரே வந்து கைகொடுத்து, டீ குடித்து, முட்டை சாண்ட்விச் தின்று, செத்தவரைப் பற்றிச் சிரித்துப் பேசிவிட்டுப் போகும். கொடியிலிருந்து குழாய்த் தண்ணீர் வரை எல்லாவற்றுக்கும் சண்டை போடுகிற கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்டுகளும் சண்டையில்லாமல் ஒத்துப்போகிற ஒரே விஷயம் இந்த மூன்றாம் நாள் கணக்குதான்.

செவ்வாய்க்கிழமை மதியம் வரை பதில் இல்லை. ஹேசல் இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினாள். நாலு மணிக்கு லண்டனிலிருந்து பியர்ஸ் என்பவர் கூப்பிட்டார். குரலில் தேன் ஒழுகியது.

"உங்க ரெண்டு மெயிலும் பாத்தேன். எதுக்கு இவ்வளவு பதட்டம்? வெள்ளிக்கிழமை கூட்டத்துல வச்சிருக்கோம். டயம் நெறைய இருக்கே."

"வெள்ளிக்கிழமையா? அடக்கம் நாளைக்குக் காலைல பதினோரு மணிக்குங்க!"

"நாளைக்கா? அந்தம்மா நேத்துதானே இறந்தாங்க?"

"ஆமா. அதனாலதான் நாளைக்கு."

"எங்க மாமனாருக்கு மூணு வாரம் ஆச்சு, அடக்கத்துக்கு இடம் கெடைக்கவே." அவர் சற்று நிறுத்தினார். குரலில் இருந்த தேன் வற்றியது. "எதுக்கு இந்த அவசரம்? தேதிய முன்னாடி இழுத்தது யாரு? குடும்பமா? இல்ல, அவன் சொல்லியா?"

"யாரும் இழுக்கலைங்க. எங்க ஊர்ல அப்படித்தான். நீங்க யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க."

"படிவத்துல தேதி இல்லையேம்மா. 'வழக்கப்படி'ன்னு போட்டிருக்கீங்க. திடீர்னு நாளைக்குன்னா, பாதுகாப்புக்காரங்க மறுபடி முதல்லேருந்து பாக்கணும். அவசரமா ஒரு எடத்துக்குப் போகணும்னு ஒருத்தன் கேட்டாலே அவங்களுக்குச் சந்தேகம் வரும். உங்களுக்குத் தெரியாததா?"

ஹேசல் படிவத்தின் நகலை இழுத்துப் பார்த்தாள். அவளுடைய அழகான கையெழுத்தில் 'வழக்கப்படி' என்று இருந்தது. இங்கிலாந்தில் இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். மான்செஸ்டரில் அத்தை செத்தபோது அவளே பதினெட்டு நாள் காத்திருந்து போய் வந்தவள்தான். எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். தும்பை விட்டுவிட்டு இப்போது வாலைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று புரிந்தது. நேராக ட்ரெவர் அறைக்கு ஓடினாள்.

"ஜெயில் நம்ம கைலதானே இருக்கு, ட்ரெவர்? ரெண்டுக்கு நாலு காவலர் போட்டு அனுப்பிருவோம். அப்புறமா அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கலாம்."

ட்ரெவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்த மனிதர்; நல்லவர், ஆனால் நல்லவராக இருப்பதற்கும் விதிப் புத்தகத்தில் பக்க எண் தேடுகிறவர்.

"ஹேசல், திருடன், குடிகாரன், பொண்டாட்டிய அடிச்சவன், இவங்கெல்லாம் நம்ம ஆளுங்க. மாலக்கி லண்டனோட ஆளு. தேசப் பாதுகாப்புன்னு அவங்க கோடு போட்டு வச்சிருக்காங்க. அதத் தாண்டினோம்னா, 'பாத்தியா, இவங்ககிட்ட நீதித் துறையக் குடுத்தது தப்பு'ன்னு மொத்தத்தையும் திரும்பப் புடுங்கிக்குவாங்க. எத்தன வருஷம் கேட்டு வாங்கினோம்!"

"ஒரு மணி நேரம் ட்ரெவர். அம்மா முகத்தப் பாக்க."

"எனக்கும் அம்மா இருந்தாங்கம்மா," என்றார் அவர். ஹேசல் 'அவசரம்' என்று தலைப்பிட்டு, நாளையும் நேரத்தையும் கொட்டை எழுத்தில் போட்டு, புதுப் படிவம் ஒன்றை அனுப்பினாள்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கே மாலக்கி சவரம் செய்து, அக்கா கொடுத்தனுப்பிய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, சிறை வாசல் அறையில் வந்து உட்கார்ந்துவிட்டான் என்று காவலர் ஒருவர் போனில் சொன்னார். ஒன்பதரைக்கு ஹேசல் லண்டனுக்குக் கூப்பிட்டாள்; பியர்ஸ் கூட்டத்தில் இருந்தார். பத்தே காலுக்குக் கூப்பிட்டாள். பாதுகாப்புப் பிரிவு பார்த்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். பதினோரு மணிக்கு அவள் கூப்பிடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பன்னிரண்டு இருபதுக்கு அனுமதி வந்தது. அதைச் சொல்வதற்காகச் சிறைக்குப் போன் போட்டபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. "கோட்டக் கழட்டி மடிச்சுக் குடுத்துட்டு அப்பவே செல்லுக்குத் திரும்பிட்டான்மா," என்றார் காவலர். "ஒரு வார்த்த பேசல. ரெண்டு திட்டு திட்டியிருந்தாக்கூட எனக்கு நல்லாயிருந்திருக்கும்."

நல்லதுக்குக் கூப்பிட்டால் போக வேண்டும், கெட்டதுக்குக் கேள்விப்பட்டாலே போக வேண்டும். சனிக்கிழமை மதியம் ஹேசல் கார் ஓட்டிக்கொண்டு டைரோன் மாவட்டத்தின் கடைசியிலிருந்த டிம்ப்னாவின் கிராமத்துக்குப் போனாள். கையில் ஒரு பழக் கேக், பைக்குள் அந்த அனுமதிக் கடிதத்தின் நகல். போகச் சொல்லி யாரும் அவளுக்கு உத்தரவு போடவில்லை. போயிருக்கக் கூடாது என்றுதான் ட்ரெவர் சொல்லியிருப்பார்.

கதவைத் திறந்த டிம்ப்னா குள்ளமாக இருந்தாள், ஹேசலின் காதளவுகூட வரமாட்டாள். ஒரு கையால் கதவைப் பிடித்திருந்தாள். மற்றக் கை சும்மா தொங்கியது.

"நான் ஹேசல் மவினி."

"தெரியும். ஒன் குரல மறப்பனா? உள்ள வா. வாசல்ல நின்னு பேசுற வழக்கம் இங்க இல்ல."

அடுக்களையில் இரவல் நாற்காலிகள் இன்னும் திருப்பிக் கொடுக்கப்படாமல் அடுக்கிக் கிடந்தன. டிம்ப்னா டீ போட்டாள். ஹேசல் கேக்கைக் கொடுத்தாள், கடிதத்தைக் கொடுத்தாள், பன்னிரண்டாவது கட்டத்தைப் பற்றி ஒளிக்காமல் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

டிம்ப்னா கடிதத்தை இரண்டு தடவை படித்தாள்.

"பதினாலு நாளைக்குச் செல்லும்னு போட்டிருக்கே. அப்ப அவன் வந்து கல்லறையவாவது பாக்கலாமா?"

"கேட்டேங்க. அடக்கத்துக்கு மட்டுந்தானாம்."

"ம்." கடிதத்தை மடித்துச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தாள். "பேரக் கேட்டப்பவே நெனச்சேன், நீ வேணும்னுதான் பண்ணுவேன்னு. வந்த சனம் அத்தனபேர்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். நீ வேணும்னே பண்ணியிருந்தா ஒன்னத் திட்டிட்டாவது நிம்மதியா இருந்திருப்பேன். 'வழக்கப்படி'! அந்த எடத்துல நானா இருந்தாலும் அதத்தான் எழுதியிருப்பேன். இப்ப யாரத் திட்டச் சொல்ற?"

ஹேசலால் தலை நிமிர முடியவில்லை.

"பாதிரியார்கிட்ட பத்து நிமிஷம், பத்து நிமிஷம்னு மூணு தடவ கேட்டேன். பெட்டிய மூடாம வச்சிருந்தோம். வெளிய கார் சத்தம் கேட்டா எல்லாரும் எட்டிப் பாத்தோம். அப்புறம் மூடிட்டாங்க."

டிம்ப்னா கோப்பையைத் தன் பக்கம் நகர்த்த வலக் கையை நீட்டினாள். முகம் சுளித்து, இடக் கையால் எடுத்தாள்.

"கோயில் வரைக்கும் பெட்டிய முன்பக்கம் தாங்குற வலது தோள் அவனோடது. மத்தவங்க மாத்தி மாத்தித் தூக்குவாங்க, அந்த எடம் மட்டும் மகனுக்கு. ஊர்ல எத்தனயோ பேரு வந்தாங்க, நான் யாரையும் விடல. நானே தூக்கினேன். அந்தப் பக்கம் எங்க சித்தப்பா மகன், ஆறடி ரெண்டங்குலம். நான் இருக்கற ஒசரத்துக்கு என்ன பண்ண முடியும்?"

அவள் வலது தோளைத் தடவிக்கொண்டாள்.

"வழி பூரா அம்மா என் பக்கமே சாஞ்சு வந்தாங்க."