பதினொரு பேரின் மூச்சு

என் தம்பி பெனியாமினா மறுபடி புகைக்கிறானோ என்ற பயம் மூன்று வாரமாக எனக்கு இருந்தது. கண்ணால் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. மாவட்டச் சபையில் புகையிலை ஒழிப்புக்கென்றே சம்பளம் வாங்குகிறவள் நான். ஊரில் எவன் சட்டைப் பையையும் தட்டிப் பார்த்து மானத்தை வாங்குவேன். சொந்தத் தம்பியிடம் மட்டும் வாய் வரவில்லை. என் பக்கத்தில் வரும்போதெல்லாம் அவன் கொய்யா இலையை மென்றுகொண்டிருந்தான். கேட்டால் வயிற்று வலி என்றான். மூன்று வாரமாக எவனுக்கு வயிறு வலிக்கும்?

போன வருஷம் ஊரே கோயிலில் நின்று சத்தியம் செய்தது, இனி சவாயீ தீவின் இந்த மூலையில் ஒருவரும் புகைப்பதில்லை என்று. சத்தியம் மீறியவனுக்குக் குடும்பத் தலைவர் பட்டம் கிடையாது, சபையில் இடம் கிடையாது என்று பெரிய தலைவர் லெவாசா அன்றே சொல்லிவிட்டார். எங்கள் சமோவாவில் பட்டமில்லாத ஆண் தலை நரைத்தாலும் பொடியன்தான். பெனியாமினாவுக்கு நாற்பத்தொரு வயது. கடைசிவரை சிகரெட்டை விடாமல் இருமி இருமியே செத்துப்போன எங்கள் அப்பாவின் பட்டம் அடுத்த மாதம் அவனுக்கு வரவேண்டும். குடும்பம் முழுக்கச் சம்மதித்தாயிற்று. சபை தலையாட்டுவதுதான் பாக்கி.

புதன்கிழமை ஊர் எல்லையில் 'புகையில்லா ஊர்' பலகை நடுவதாக இருந்தது. அதற்கு முன் ஊரின் ஆண் பெண் எல்லாரும் ஒரு சின்னப் பெட்டியில் ஊதி, மூச்சில் எவ்வளவு புகை என்று அது காட்டும் எண்ணை நான் எழுதித் திங்கள்கிழமைக்குள் தலைநகர் ஆப்பியாவுக்கு அனுப்ப வேண்டும். ஆறுக்குக் கீழே என்றால் நல்ல பிள்ளை, பத்தைத் தாண்டினால் புகைக்காரன். வாரநாளில் எங்கள் ஆண்களைப் பிடிக்க முடியாது. ஒருவன் சேப்பங்கிழங்குத் தோட்டத்தில் இருப்பான், ஒருவன் படகில் இருப்பான். ஞாயிறு ஆராதனை முடிந்தால் எல்லாரும் வெள்ளை உடுத்தி ஒரே இடத்தில் இருப்பார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை என்று முடிவு செய்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பெண்களை முதலில் ஊதவைத்தேன். மேலிடத்துப் படிவத்தில் பெண்களுக்கான பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது: இன்று அடுப்பு மூட்டினீர்களா? கேட்டதும் மகளிர் குழுத் தலைவி ஃபியாசிலி சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை எந்தப் பெண் அடுப்புப் பக்கம் போவாள் என்றாள். நானும் சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் 'இல்லை' என்று எழுதினேன். ஆண்களுக்கான பக்கத்தில் அந்தக் கேள்வி இல்லை. எனக்கும் அது தோன்றவில்லை.

பிறகு சபை வீட்டில் தலைவர்கள் தூணுக்கு ஒருவராகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். லெவாசா சங்கு ஊதுகிறவர்போல் கன்னம் உப்ப ஊதினார். இரண்டு. மற்றவர்களுக்கு மூன்று, ஒன்று, இரண்டு. ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள்.

அடுத்து பட்டமில்லாத ஆண்கள், பதினொரு பேர். மூத்தவன் என்பதால் பெனியாமினாதான் முதலில் வந்தான். பெட்டியை நீட்டினேன். ஊதினான். பத்தொன்பது.

எண்ணை உரக்கப் படிக்க வேண்டும் என்பது விதி. படித்தேன். அடுத்தவன் ஊதினான், பதினேழு. அதற்கடுத்தவன் இருபத்திரண்டு. அப்புறம் பதினாறு, பதினெட்டு. பதினொரு பேரும் பத்துக்கு மேல். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. என் தம்பி மட்டும் இல்லையே!

லெவாசா குரலை உயர்த்தவே இல்லை. புதன்கிழமை பலகை கிடையாது, பதினொரு பேரும் ஒரு வருஷம் ஊர்க் காரியம் எதற்கும் வரக்கூடாது, ஒவ்வொரு வீடும் ஒரு பெட்டி டின் மீன் அபராதம் கொண்டுவர வேண்டும் என்றார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த லூய் அழ ஆரம்பித்தான். வாழ்நாளில் சிகரெட்டைத் தொடாதவன் அவன். அவனுக்குத்தான் இருபத்திரண்டு.

அவனைத் தேற்றப் பக்கத்தில் போய்க் குனிந்தேன். தலைமுடியில் விறகுப் புகை நெடி. குளித்திருக்கிறான், வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறான், ஆனாலும் முடியில் அந்த நெடி போகவில்லை. விடியுமுன் எழுந்து, தேங்காய் மட்டையை அடுக்கி, தலையைத் தாழ்த்தி ஊதி ஊதி, உமு என்கிற எங்கள் கல்லடுப்பைச் சூடாக்கியிருக்கிறான். ஊர் சாப்பிட ஞாயிறுதோறும் பட்டமில்லாதவர்கள் செய்கிற வேலை அது. தலைவர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. அந்தப் புகைதான் எண்ணை ஏற்றியிருக்கிறது. அடுப்புக் கேள்வியைப் பெண்களிடம் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்த முட்டாள் நான்.

சொல்லிவிட வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது.

பெனியாமினா உமுவுக்குப் போவதில்லை. பாடகர் குழுவை நடத்துகிறவன் அவன். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் போதகர் வீட்டுக் கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போய்விடுவான். அது ஊருக்கே தெரியும்.

காரணம் சொல்லாமல் தப்பிக்கப் பார்த்தேன்.

"ஐயா, நாளைக்குக் காலையில இன்னொரு தடவ ஊதச் சொல்லலாமா?" என்றேன்.

"ராத்திரியோட நல்லவனாயிடுவானுங்களா?" என்றார் லெவாசா. "இன்னிக்குப் பொய் சொல்ற பெட்டி நாளைக்கு எப்படி நெசம் சொல்லும்? காரணம் இருந்தா சொல்லு. இல்லன்னா உக்காரு."

லூய் முழங்காலில் முகத்தைப் புதைத்திருந்தான். உட்கார்ந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது உண்மை. உட்கார்ந்தால் தம்பி பதினொருவரில் ஒருவன். ஊரே சேர்ந்து பட்ட அவமானத்தை ஊரே சேர்ந்து மறக்கும். நான் அவனைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"உமுப் புகைங்க, ஐயா. அடுப்பு ஊதினாலும் எண்ணு ஏறும். கேட்டிருக்கணும், கேக்கல. தப்பு என்னுது."

சபை வீடு முழுக்க மூச்சு விட்டது. உங்களுக்குச் சோறு ஆக்கிப்போட்ட குற்றத்துக்கா பையன்களைத் துரத்தப் பார்த்தீர்கள் என்று ஃபியாசிலி தலைவர்களையே கேலி செய்தாள். லெவாசாவும் சிரித்தார். சிரித்தபடியே என் கையிலிருந்த தாளைக் காட்டினார்.

"அப்ப பதினோரு பேருக்கும் உமுதான்னு எழுதிடலாமா?"

சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. பெனியாமினா உமுவுக்குப் போவதில்லை என்பது ஒவ்வொருவருக்காக ஞாபகம் வந்திருக்க வேண்டும். அதைச் சொல்வதை எனக்கே விட்டுவைத்தார்கள்.

"பத்துப் பேருக்கு," என்றேன்.

மறுநாள் காலையில் அந்தப் பத்துப் பேரும் ஊதினார்கள், ஒருவரும் ஐந்தைத் தாண்டவில்லை. புதன்கிழமை பலகை நட்டார்கள். அப்பாவின் பட்டத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. அதெல்லாம் பிறகு நடந்தது.

அன்று சபை கலைந்ததும் நான் வீட்டுக்குப் போய்ப் பாயில் உட்கார்ந்தேன். சமைந்த சாப்பாட்டில் முதல் பங்கை அக்காவுக்கு எடுத்துவருவது தம்பியின் கடமை. எங்களில் அது மாறாது. இன்று வரமாட்டான் என்று நினைத்தேன். வந்தான். தென்னோலைத் தட்டில் சேப்பங்கிழங்கும் மீனும் தேங்காய்ப்பால் இலைப்பொதியும் இருந்தன. குனிந்து என் முன்னால் வைத்தான். எங்கோ பார்த்துக்கொண்டு, "ஆறிடப் போவுது அக்கா, சாப்பிடு," என்றான்.

இலைப்பொதியை அவனே பிரித்துக் கொடுத்தான். விரல்கள் என் முகத்துக்குப் பக்கத்தில் வந்தன. அவற்றில் விறகு வாசம் இல்லை. அப்பாவின் கை எப்போதும் எப்படி மணக்குமோ அப்படி மணந்தது. நான் சாப்பிட்டேன்.