பொதுக்காணிக்கு ஒரு வாக்கெடுப்பு

உடுவிலில் எங்கள் ஒழுங்கையில் ஏழு புதுவீடுகள். ஐந்து பூட்டிக் கிடக்கின்றன, வீட்டுக்காரர்கள் கனடாவில். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பள்ளக்காணி. மாரி வெள்ளம் அதற்குள்தான் வடியும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது வான் நிறுத்தி விட இடமில்லையாம், அதில் கொங்கிறீற்றுப் போட வேண்டுமாம். பக்கத்து வீட்டுக்காரர் பிரகலாதன் அண்ணை கனடாவிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். மூன்று கிழமை வந்து நிற்பவர்களுக்காக, வருடம் முழுக்க இருக்கிற நாங்கள் வெள்ளத்துக்குள் கிடக்க வேண்டுமா?

"அண்ணை, தண்ணி எங்கை போறது?" என்று கேட்டேன்.

"நீர் சும்மா பயப்பிடுறீர் தங்கச்சி. வாக்கெடுப்பம். கனபேர் சொல்லுறதுதான் முடிவு."

ஐந்து பேர் ஓம் என்றார்கள். இங்கே இருக்கிற நாங்கள் இரண்டு வீட்டுக்காரரும் தோற்றோம். கொங்கிறீற்றுப் போட்டார்கள்.

கார்த்திகை மழையில் என் குசினிக்குள் வெள்ளம் புகுந்தது. அரிசி மூட்டையைக் கட்டிலில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அண்ணை கனடாவிலிருந்து அழைத்தார்.

"தங்கச்சி, உங்களிட்டைத்தானே என்ரை வீட்டுத் திறப்பு இருக்கு! ஓடிப்போய் அந்தப் புதுச் சோபாச் செற்றியளை மேலை ஏத்தி விடுங்கோ!"

"குழுவிலை போடுங்கோ அண்ணை," என்றேன். "வாக்கெடுப்பம்."