சேறு ஒட்டாத இடம்

நீலமேகத்தைக் குளிப்பாட்டுவதற்காக நான்கு பேர் தூக்கிய அதே நேரத்தில், டிராக்டர் அவருடைய காரை இழுத்துக்கொண்டு கோட்டைக்குப்பத்துத் தெருவுக்குள் நுழைந்தது. கஸ்தூரி புருஷனைப் பார்க்கவில்லை. காரின் முன் சக்கரங்களைத்தான் பார்த்தாள். இரண்டும் இரண்டு திக்கில் திரும்பிக்கொண்டு நின்றன.

காலையில் மீஞ்சூரில் நண்டை விற்றுவிட்டுத் திரும்பியவர், திருப்பாலைவனத்தைத் தாண்டி, வளைவே இல்லாத ரோட்டில் இடப்பக்கக் கால்வாய்க்குள் காரோடு இறங்கிவிட்டார். வயலில் இருந்தவர்கள் ஓடிப்போய் வெளியே எடுத்தபோது மூச்சு இல்லை. உடம்பில் காயம் என்று பெரிதாக எதுவும் இல்லாததால் நெஞ்சடைப்புதான் என்று ஊரில் பேசி முடித்தார்கள். போலீசுக்குப் போனால் அறுத்துக் கட்டித்தான் தருவார்கள், பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடலாம் என்றார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள், அவருடைய தம்பி உலகநாதனைத் தவிர. மீஞ்சூரில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருப்பவன் அவன்.

"நெஞ்சு வலிச்சா காலு பிரேக்குக்குப் போவும் அண்ணி. ரோட்ல தேச்ச அடையாளமே இல்ல. அண்ணன் வண்டியத் திருப்பிப் பாத்துகீது, வண்டி திரும்பல. குளிப்பாட்டி முடியட்டும், நான் அடியில பூந்து பாத்துடறேன்" என்றான்.

கஸ்தூரியின் கண் ஜன்னலில் கிடந்த ஸ்பானருக்குப் போனது.

கார் இடப்பக்கமே இழுக்கிறது என்று நீலமேகம் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பியின் கடைக்குப் போய் நிற்க அவருக்கு ரோசம். அந்தக் கடையில் இரண்டு வருஷம் வேலை பார்த்த மகன் கவியரசன், நானே பார்க்கிறேன் நைனா என்று நேற்று மத்தியானம் வாசலிலேயே ஆரம்பித்தான். வலை பின்னுகிற நைலான் நூலைப் பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரம் வரைக்கும் இழுத்துப் பிடித்து, டயருக்கும் நூலுக்கும் இருந்த இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்தான். நூலின் ஒரு முனை கஸ்தூரியின் கையில். சக்கரத்துக்குப் பின்னால் அதைத் திருப்பிப் பிடிக்கும் டை ராட் கம்பியை அவன் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப, டயர் நூலோடு சீராக வந்து நின்றது. இனி கம்பி நழுவாமல் பிடிக்கும் லாக் நட்டை இறுக்கிவிட்டால் முடிந்தது என்றான்.

அந்த நேரம் பார்த்துப் படகுத்துறையிலிருந்து ஆள் வந்தது. அன்றைக்கு அவர்கள் பாடு. ஏரியில் இறால் வலை கட்டும் இடம் முறை வைத்துத்தான் கைக்கு வரும். ஒரு பாட்டைத் தவறவிட்டால் அடுத்ததற்கு வாரக்கணக்கில் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். கவி ஓடினான். இறுக்கிவிட்டு ஓடினானா, இறுக்காமலே ஓடினானா? நூலைச் சுருட்டிக்கொண்டிருந்தவள் அதைக் கவனிக்கவில்லை. மணலில் கிடந்த ஸ்பானரை எடுத்து வீட்டு ஜன்னலில் வைத்தாள், அவ்வளவுதான். விடியற்காலையில் நண்டுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டே, வேலை முடிந்ததா என்று நீலமேகம் கேட்டார். கவி இன்னும் ஏரியில்தான் இருந்தான். அவள்தான் பதில் சொன்னாள்.

"முடிஞ்சுது. எடுத்துகினு போ."

தகப்பனுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்த கவி, ஈரத் துணியோடு அவள் பக்கத்தில் குந்தினான். சேதி வந்ததிலிருந்து அவன் அழவில்லை. காரின் பக்கம் திரும்பவும் இல்லை.

"அம்மா."

"இன்னாடா."

"நட்ட இறுக்கிட்டுத்தான போனேன்?"

அவனுடைய பல் கிட்டிப்போயிருந்தது. பதில் சொல்ல ஒரு நொடி பிந்தினாலும் இந்த வீட்டில் இன்னொரு பாடை கட்ட வேண்டியிருக்கும் என்று அவளுக்குப் பட்டது.

"இறுக்குன. நான்தான் பாத்துகினு இருந்தனே."

கொல்லைக்குப் போய்விட்டு வருவதாகப் பக்கத்து வீட்டு ஜெயம்மாவிடம் சொல்லிவிட்டு எழுந்தாள். கூட வருகிறேன் என்றவளை வேண்டாம் என்று தடுத்தாள். காரை வீட்டுப் பக்கச் சந்தில் விட்டிருந்தார்கள். குளிப்பாட்டும் இடத்தைச் சுற்றிப் புடவை பிடித்திருந்ததால் யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. மேளச் சத்தம் காதை அடைத்தது. ஒருக்களித்துப் படுத்து, இடது சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டாள். சேற்றை வழித்ததும் நட்டு விரலில் தட்டுப்பட்டது.

தொட்டதுமே சுற்றியது.

பிறகு எழுந்து ஜன்னலிலிருந்து ஸ்பானரை எடுத்துவந்து, முந்தானையால் நட்டைத் துடைத்து, தோள் இற்றுப்போகும் வரைக்கும் இறுக்கினாள்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்த சற்று நேரத்திலேயே உலகநாதன் செல்போன் வெளிச்சத்தோடு காருக்கு அடியில் போனான். அவனுடைய கால்கள் இரண்டும் சந்திலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவை எப்போது அசையும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். யார் யார் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அவன் நேராக அவளிடம்தான் வந்தான். குனிந்து மெதுவாகப் பேசினான்.

"லாக் நட்டு டைட்டாத்தான் கீது அண்ணி."

அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வண்டி பூரா சேறு. அந்த நட்டு மேல மட்டும் ஒரு பொட்டு சேறு இல்ல."

முற்றத்தில் யாரோ கவியின் கையில் கொள்ளிச்சட்டியைக் கொடுத்து, எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். உலகநாதன் அவனையே வெகுநேரம் பார்த்தான். பிறகு தோளில் இருந்த துண்டை எடுத்து அவள் மடியில் போட்டான்.

"கையத் தொடச்சுக்க. வாய்க்கரிசிக்குக் கூப்புடறாங்க."

துடைத்தாள். உள்ளங்கையில் இருந்தது போயிற்று. நகக்கண்ணில் ஏறிய கிரீஸ் போகவில்லை. ஜெயம்மா அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் நிறுத்தினாள். முறத்தில் கைவிட்டு அரிசியை அள்ளி, மூன்று முறை நீலமேகத்தின் வாயில் இட்டாள்.

தலைமாட்டில் நின்ற கவி கொள்ளிச்சட்டியைக் கீழே வைத்தான். வெள்ளை அரிசிக்கு நடுவே நாலைந்து மணிகள் கறுத்திருந்தன. அவன் குனிந்து அவற்றை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டான்.